விநாடிகளை எண்ணிய பேராசிரியர்

உயர்தர வகுப்பில் இரசாயனவியல் படிப்பவர்களுக்கு சோல்வே முறை தெரியாமல் இருக்காது. அமோனியா நிரம்பிய உப்புநீர் கோபுரத்தின் மேலிருந்து இறங்கும். காபனீரொட்சைட்டு கீழிருந்து ஏறும். நாங்களும் சமன்பாட்டை மனனம் செய்து, படம் கீறி, அம்புக்குறி போட்டுப் புள்ளி வாங்கிவிடுவோம். ஒருநாள் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்தக் கோபுரம் எவ்வளவு உயரமாக இருக்க வேண்டும்? அதை யார், எப்படிக் கணக்கிட்டார்கள்? டீச்சரிடம் கேட்டேன். அது இரசாயனவியலாளரின் வேலையல்ல, இரசாயனப் பொறியியலாளரின் வேலை என்று சொன்ன டீச்சர், பலகையின் மூலையில் ஒரு பெயரை எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். பீட்டர் டாங்க்வெர்ட்ஸ்.

பெயரை உச்சரிக்கவே இரண்டு நாள் பிடித்தது. ஆனால் அந்த மனிதரைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கியபின் பரீட்சைப் படிப்பைக் கொஞ்சம் மறந்துவிட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். எங்கள் சஞ்சிகையில் வழமையாகப் புலவர்கள், தலைவர்கள், கொடையாளர்கள் ஆகியோரின் சரிதைகள் வரும். இம்முறை ஓர் இரசாயனப் பொறியியல் பேராசிரியரின் கதையை எழுத அனுமதி கேட்டேன். கிடைத்தது.

பீட்டர் விக்டர் டாங்க்வெர்ட்ஸ் 1916 ஒக்டோபர் 14 ஆம் திகதி இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள எம்ஸ்வேர்த் என்ற ஊரில் பிறந்தார். வீட்டில் ஐந்து பிள்ளைகள், இவர்தான் மூத்தவர். தந்தை விக்டர் டாங்க்வெர்ட்ஸ் கடற்படை அதிகாரி. பிற்காலத்தில் வைஸ் அட்மிரல் தரத்துக்கு உயர்ந்து, இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரித்தானியக் கிழக்குக் கடற்படையின் பிரதித் தளபதியாக இருந்தவர். நமது திருகோணமலை அந்தக் கடற்படையின் தளங்களில் ஒன்று. ஆகவே நாங்கள் சுற்றுலா போய்க் கடல் பார்த்துவிட்டு வரும் அந்தத் துறைமுகத்துக்கும் இந்தக் குடும்பத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. யுத்தம் முடியும் முன்னரே, 1944 இல், தந்தை இறந்துபோனார்.

மகன் வின்செஸ்டரில் பாடசாலைப் படிப்பை முடித்து, ஒக்ஸ்போட்டின் பேலியல் கல்லூரியில் இரசாயனவியல் படித்து முதலாம் வகுப்பில் சித்தியடைந்தார். கூச்ச சுபாவமுள்ளவர், அதிகம் பேசாதவர். ஒரு சிறிய இரசாயனக் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்தார். யுத்தம் வராமல் இருந்திருந்தால் அங்கேயே அமைதியாக இருந்திருப்பாரோ என்னவோ.

1940 இல் கடற்படையின் தொண்டர் பிரிவில் கனிஷ்ட அதிகாரியாகச் சேர்ந்தார். கப்பலில் அனுப்பவில்லை. வெடிக்காத குண்டுகளைச் செயலிழக்கச் செய்யக் குறுகிய காலப் பயிற்சி கொடுத்து, லண்டன் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். இலங்கைத் தேயிலைப் பெட்டிகள் வந்து இறங்கிய துறைமுகம் அது. அவர் போய்ச் சில வாரங்களுக்குள் ஜேர்மன் விமானங்கள் லண்டன்மீது இரவுதோறும் குண்டு போடத் தொடங்கின. குண்டுகளோடு சேர்த்துப் புதிதாக ஒன்றையும் போட்டன. பரசூட்டில் தொங்கியபடி சத்தமில்லாமல் இறங்கும் காந்தக் கண்ணிவெடி.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்தக் கண்ணிவெடி கடலுக்காகவே செய்யப்பட்டது. கடலில் விழுந்தால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மேலே இரும்புக் கப்பல் ஒன்று கடக்கும்போது அந்த இடத்தின் காந்தப்புலம் மாறுமல்லவா, அந்த மாற்றத்தை உணர்ந்து வெடிக்கும். அதே வெடி தரையில் விழுந்தால் வேறு கதை. விழுந்த அதிர்ச்சியில் உள்ளே ஒரு சிறிய மணிக்கூட்டுப் பொறி ஓட ஆரம்பிக்கும். அரை நிமிடம்கூட ஆகாது, வெடித்துவிடும். பெரிய வகை ஒன்றின் நிறை ஏறத்தாழ ஒரு தொன். ஒரு தெருவே இல்லாமல் போகும்.

ஆனால் சிலவற்றில் அந்தப் பொறி பாதியில் சிக்கி நின்றுவிடும். அதுதான் மிகவும் பயங்கரமானது. கூரையில் பரசூட் மாட்டிக்கொண்டு வெடி அந்தரத்தில் தொங்கும். பொறியில் இன்னும் எத்தனை விநாடிகள் மீதம் இருக்கின்றன என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. பக்கத்தில் ஒருவர் நடக்கும் அதிர்வு போதும், அது மீண்டும் ஓடத் தொடங்க. அதன் அருகே போய், காந்தத்தால் கவரப்படாத உலோகத்தில் செய்த கருவிகளால் உருகியைக் கழற்ற வேண்டும். டிக் டிக் என்ற சத்தம் கேட்டால் ஓட வேண்டும். ஓடுவதற்குக் கிடைப்பது மீதமுள்ள அந்தச் சில விநாடிகள்தான்.

டாங்க்வெர்ட்ஸ் இந்த வேலைக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. ஏறத்தாழ 48 மணித்தியாலம், ஓய்வே இல்லை என்று சொல்லக்கூடிய விதமாக வேலை செய்து, 16 கண்ணிவெடிகளைச் செயலிழக்கச் செய்தார். பதினாறு! நான் பல்துலக்கி முடிக்கும் நேரத்தில் ஒரு வெடி நான்கு தடவை வெடித்திருக்கும் என்று ஒருநாள் காலையில் கணக்குப் பார்த்தேன். வயிற்றுக்குள் ஏதோ செய்தது.

ஜோர்ஜ் மன்னர் அந்த வருடம்தான் போர்க்களத்துக்கு வெளியே காட்டப்படும் அதிவீரத்துக்கென ஜோர்ஜ் குரொஸ் என்ற பதக்கத்தை ஏற்படுத்தியிருந்தார். 1940 டிசம்பரில் டாங்க்வெர்ட்ஸுக்கு அது அறிவிக்கப்பட்டது. வயது 24. எங்கள் நானாவைவிட ஒரு வயது மட்டுமே கூட.

இந்தப் பகுதியை வீட்டில் வாசித்துக் காட்டியபோது வாப்பா கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். வாப்பாவின் சொந்த ஊர் மன்னார் மாவட்டத்தில் இருக்கிறது. நான் சிறு பிள்ளையாக இருந்தபோது எங்கள் காணியைப் பார்க்கப் போனோம். வழியில் மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைகள், மஞ்சள் நாடாக்கள். பாதையை விட்டு ஓரடி இறங்கக்கூடாது என்று உம்மா என் கையைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது. தூரத்தில் முகமூடித் தொப்பி போட்ட ஒருவர் நிலத்தில் முழந்தாளிட்டு, ஒரு சின்னக் கம்பியால் மண்ணை விரல் அளவு விரல் அளவாகக் கிளறிக்கொண்டிருந்தார். நாங்கள் போகும்போது இருந்த இடத்தைவிட, திரும்பி வரும்போது ஒரு பாய் அகலம்தான் நகர்ந்திருந்தார். டாங்க்வெர்ட்ஸைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர்தான் கண்ணுக்குள் வருகிறார்.

1943 இல் சிசிலித் தீவில் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்ட பகுதி ஒன்றில் டாங்க்வெர்ட்ஸ் காயமடைந்தார். அதன் பின்னர் லண்டனில் கூட்டு நடவடிக்கைத் தலைமையகத்தில் பணி. யுத்தம் முடிந்தது.

வீரப் பதக்கத்தை வைத்துக்கொண்டு காலம் முழுவதும் பழைய கதை பேசியிருக்கலாம். அவர் மீண்டும் மாணவனாகப் போனார். புலமைப்பரிசில் பெற்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் இரசாயனப் பொறியியல் படித்தார். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் இது பெரிதாக மதிக்கப்பட்ட துறையல்ல. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலேயே 1945 இல் ஷெல் எண்ணெய் நிறுவனம் கொடுத்த நன்கொடையால்தான் அதற்கென ஒரு பிரிவு பிறந்தது. 1948 இல் டாங்க்வெர்ட்ஸ் அங்கே கற்பிக்கச் சேர்ந்தார். கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கத் தொடங்கியதும் அதே 1948 இல்தான். அதுவரை பெண்கள் அங்கே படித்தார்கள், பரீட்சை எழுதினார்கள், ஆனால் ஆண்களுக்குச் சமமான பட்டம் இல்லை. சரிதையோடு இதற்கு நேரடித் தொடர்பில்லைதான். பெண்கள் கல்லூரிச் சஞ்சிகையில் எழுதும்போது சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை.

இனி அவருடைய கண்டுபிடிப்புக்கு வருகிறேன். சமன்பாடு எழுதமாட்டேன், பயப்பட வேண்டாம்.

முதலாவது 1951 இல் வந்தது. ஒரு வாயு திரவத்துக்குள் எப்படிக் கரைகிறது? அன்றைய நூல்கள் 1923 இல் விட்மன் என்பவர் சொன்னதைச் சொல்லிக்கொண்டிருந்தன. திரவத்தின் மேற்பரப்பில் அசையாத ஒரு மெல்லிய படலம் இருக்கிறது, வாயு அதை ஊடுருவிப் போகிறது என்பதே அது. கலங்கிக் குமுறுகிற நீரில் அசையாத படலம் எங்கிருந்து வரும் என்று டாங்க்வெர்ட்ஸ் கேட்டார். உள்ளேயிருக்கும் நீர் சுழன்று மேலே வருகிறது, கொஞ்ச நேரம் வாயுவைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது, பிறகு புதிய நீர் வந்து அதைக் கீழே தள்ளிவிடுகிறது. மேற்பரப்பு ஓயாமல் புதுப்பிக்கப்படுகிறது. உம்மா பிளேன்டீயை இந்தக் கோப்பையிலிருந்து அந்தக் கோப்பைக்கு உயர்த்தி ஆற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். தேநீர் சும்மா வைத்தால் ஆற நேரமெடுக்கும். ஆற்றும்போது ஒவ்வொரு முறையும் சூடான புதிய பரப்பு காற்றைத் தொடுகிறது. வாயு கரைவதும் அப்படித்தான்.

இதே வழியில் ஹிக்பி என்பவர் 1935 இல் யோசித்திருந்தார். ஆனால் மேற்பரப்புக்கு வரும் ஒவ்வொரு துளியும் ஒரேயளவு நேரம் அங்கே இருக்கும் என்று அவர் எடுத்துக்கொண்டார். டாங்க்வெர்ட்ஸ் அதை ஏற்கவில்லை. ஒரு துளி வந்தவுடன் போகலாம், இன்னொன்று நெடுநேரம் தங்கலாம், எல்லாவற்றுக்கும் ஒரே ஆயுள் கிடையாது என்றார். துளிகளின் வயதுகளைக் கணக்கில் எடுத்தார். என் கேள்விக்கான விடையும் இங்கேதான் இருந்தது. வாயு எவ்வளவு வேகமாகத் திரவத்துக்குள் போகும் என்று தெரிந்தால்தான் கோபுரத்தின் உயரத்தைத் தீர்மானிக்க முடியும்.

இரண்டாவது 1953 இல் வெளியான கட்டுரை. இரசாயனப் பொறியியல் படிக்கும் மாணவர்கள் எந்த நாட்டிலும் இன்றுவரை இதைப் படிக்கிறார்கள். விடயம் இதுதான். ஒரு தாங்கிக்குள் ஒரு பக்கத்தால் திரவம் வருகிறது, மறு பக்கத்தால் போகிறது. உள்ளே வரும் ஒரு துளி எவ்வளவு நேரம் உள்ளே தங்கும்?

இதை வாசித்தால் மட்டும் போதாது, செய்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், குழாய் பொருத்திய எங்கள் பிளாஸ்டிக் வாளியைக் கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பத்து லீற்றர் நீர். மேலே ஹோஸ் வழியாக நிமிடத்துக்கு ஒரு லீற்றர் உள்ளே வரும்படி வைத்து, கீழே குழாயால் அதேயளவு வெளியே போகவிட்டேன். நானா கைத்தொலைபேசியில் நேரம் பார்த்தார். தங்கச்சி அகப்பையால் விடாமல் கலக்கினாள். மஞ்சள் கேசரிப் பவுடரைக் கரைத்து ஒரே ஊற்றாக ஊற்றினேன். நிமிடத்துக்கு ஒரு கிளாஸ் என்று வெளியே வரும் நீரைப் பிடித்துச் சுவரில் வரிசையாக வைத்தோம்.

பத்து லீற்றரை ஒன்றால் வகுத்தால் பத்து நிமிடம். ஆகவே சாயம் பத்தாவது நிமிடத்தை ஒட்டி வெளியே வரும், பத்தாவது கிளாஸ்தான் கடும் மஞ்சளாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். நானாவோடு பந்தயமும் பிடித்தேன். தோற்றுப்போனேன். முதலாவது கிளாஸ்தான் எல்லாவற்றிலும் கடும் நிறம். பிறகு ஒவ்வொன்றாக வெளிறிக்கொண்டு போனது. இருபதாவது கிளாஸிலும் மஞ்சள் இருந்தது.

காரணம் டாங்க்வெர்ட்ஸின் கணக்கில் உண்டு. நன்றாகக் கலக்கப்படும் தாங்கியில், முதல் நிமிடத்திலேயே நூற்றுக்கு ஒன்பது பத்துத் துளிகள் வெளியேறிவிடும். பத்து நிமிடம் முடியும்போது 63 வீதம் போய்விட்டிருக்கும். 37 வீதம் உள்ளேதான். இருபது நிமிடத்துக்குப் பிறகும் 13 வீதத்துக்கு மேல் மிச்சம். அரை மணித்தியாலத்துக்குப் பிறகும் 5 வீதம். சராசரியைக் கேட்டால் பத்து நிமிடம் என்பது சரியான விடைதான், ஆனால் உண்மையில் சரியாகப் பத்து நிமிடம் தங்கிய துளி என்று பார்த்தால் மிகச் சொற்பம். இணைந்த கணிதத்தில் நாங்கள் படிக்கும் அடுக்குக்குறிச் சார்பு இப்படிக் கிணற்றடியில் வரிசையாக நிற்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

இரண்டாம் முறை கலக்காமல் செய்தோம். சாயத்தில் ஒரு பகுதி நேரே குழாயை நோக்கி ஓடியது. இன்னொரு பகுதி ஒரு மூலையில் ஒதுங்கி அப்படியே நின்றது. தொழிற்சாலைகளில் நடக்கும் தவறுகளும் இவைதான். குடிநீருக்குக் குளோரின் கலக்கும் தாங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். கிருமி சாவதற்கு நேரம் தேவை. சராசரி நேரம் போதுமென்று திருப்தியடைந்துவிட்டால், முன்கூட்டியே ஓடிவிட்ட நீரிலுள்ள கிருமி உயிரோடு நம் வீட்டுக் குழாய்க்கு வரும். ஆகவே துளிகள் தங்கும் நேரம் எப்படிப் பரந்திருக்கிறது என்பதை அளக்க வேண்டும் என்றார் டாங்க்வெர்ட்ஸ். சாயம் போன்ற ஓர் அடையாளப் பொருளை உள்ளே விட்டு அளக்கும் முறைக்கு ஒழுங்கான கணிதம் அமைத்துக் கொடுத்தார். இவ்வளவு எளிய கேள்வியை யாரும் இப்படி முறையாகக் கேட்கவில்லையே என்றுதான் எனக்கு ஆச்சரியம்.

அதன் பிறகு ஒரு விடயம் என் மனதை விட்டுப் போகவில்லை. சிக்கி நின்ற பொறியில் எத்தனை விநாடி மீதமென்று தெரியாமல் ஒரு வெடியின் பக்கத்தில் நின்றவர், பத்து வருடம் கழித்து, ஒவ்வொரு துளிக்கும் எத்தனை விநாடி என்று கேட்கிறார். வெடிகளில் சராசரி பார்க்க முடியாது. பதினாறில் பதினைந்துக்கு நேரம் நிறைய இருந்து, ஒன்றுக்கு மட்டும் இல்லாமல் போனால் அந்த ஒன்றுதான் கணக்கு. இந்த இரண்டையும் அவர் எங்கும் முடிச்சுப் போட்டதாக நான் வாசிக்கவில்லை. இது என் யோசனை மட்டுமே. தங்கச்சியும் சரியென்று சொன்னாள், ஆனால் அவளுக்கு ஒன்பது வயது.

மிச்சக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1954 இல் பிரித்தானிய அணுசக்தி அதிகாரசபைக்குப் போய் கிறிஸ்டோபர் ஹின்டனின் கீழ் வேலை செய்தார். 1956 இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியரானார். 1959 இல் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பி, ஷெல் பேராசிரியர் என்ற பதவியில் 1977 வரை இருந்தார். 1960 இல் லவீனியா என்பவரை மணந்தார். 1965 இல் இரசாயனப் பொறியியலாளர் நிறுவகத்தின் தலைவர். 1969 இல் ரோயல் சொசைட்டியின் உறுப்பினர். வாயுக்களும் திரவங்களும் தாக்கமுறுவது பற்றி 1970 இல் ஒரு நூல் எழுதினார். தன் கட்டுரை வெளிவந்த அதே ஆய்விதழுக்குப் பல வருடங்கள் ஆசிரியராகவும் இருந்தார்.

அவருடைய மாணவர்களில் ஒருவரைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பம்பாயிலிருந்து வந்த மன் மோகன் சர்மா. டாங்க்வெர்ட்ஸிடம் ஆய்வு செய்து கலாநிதிப் பட்டம் பெற்று, 1964 இல் ஊர் திரும்பி, 27 வயதில் பேராசிரியரானார். இந்தியப் பொறியியலாளர்களில் முதன்முதலாக ரோயல் சொசைட்டிக்குத் தெரிவானவர் அவர்தான், 1990 இல். இருவரும் சேர்ந்து காபனீரொட்சைட்டைக் காரக் கரைசல்களும் அமீன்களும் உறிஞ்சுவதைப் பற்றி 1966 இல் எழுதினார்கள். டாங்க்வெர்ட்ஸ் ஓய்வுபெற்ற பின்னரும் அதை விடவில்லை. 1979 இல், எதனோலமீன் என்ற சேர்வையோடு காபனீரொட்சைட்டு எந்தப் படிமுறையில் தாக்கமுறுகிறது என்று ஒரு சிறு கட்டுரை எழுதினார். அன்று பூமி சூடாவது பற்றி இன்று போலப் பேச்சு இல்லை. இன்று புகைபோக்கியிலிருந்து காபனீரொட்சைட்டைப் பிடித்துவைக்க முயல்பவர்கள் அந்தக் கட்டுரையில் சொன்ன படிமுறையைத்தான் எடுத்துக் கணக்குப் போடுகிறார்கள்.

1984 ஒக்டோபர் 25 ஆம் திகதி இறந்தார். வயது 68. அவர் பெயரால் அடுத்த வருடமே நினைவுப் பேருரை ஒன்று தொடங்கப்பட்டது.

கிணற்றடிப் பரிசோதனைக்காக உம்மாவிடம் நன்றாக ஏச்சு வாங்கினேன். விருந்தாளிகளுக்கு வைத்திருந்த கண்ணாடிக் கிளாஸ்களை எடுத்தது ஒரு குற்றம், நாற்பது லீற்றர் நீரை வீணாக்கியது இன்னொரு குற்றம். நீரைத் தென்னைக்குத்தான் ஊற்றினோம் என்று நானா எனக்காக வாதாடினார். ஏச்சு முடிந்தபின் உம்மா ஒவ்வொரு கிளாஸாகக் கையிலெடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசிக் கிளாஸில் இன்னும் மஞ்சள் இருக்கிறதே, எப்போது முழுதாகப் போகும் என்று கேட்டார். கணக்கின்படி முழுதாகப் போகவே போகாது என்றேன். அப்படியானால் அந்த வாளியை நீயே தேய்த்துக் கழுவு என்றுவிட்டு உள்ளே போனார்.

நான் கணிதப் பிரிவு எடுத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷமில்லை. உயிரியல் எடுத்திருந்தால் டொக்டராகலாம், பெண் பிள்ளைக்குத் தொழிற்சாலையும் அமிலமும் எதற்கு என்று உறவினர்கள் வாப்பாவிடம் சொன்னார்கள். வாப்பா அவர்களுக்கும் பதில் சொல்லவில்லை, எனக்கும் ஒன்றும் சொல்லவில்லை. பல மாதங்களாக அந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் எழுந்து போய்விடுவார். டாங்க்வெர்ட்ஸின் கதையை முழுதாக வாசித்து முடித்த இரவு, இஷாவுக்குப் பிறகு, வாப்பா முற்றத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இந்தப் பொறியியலுக்குப் போக இசட் புள்ளி எவ்வளவு வேண்டும் என்று கேட்டார்.